சங்கம்மாவின் கண்ணீர்ப் பாட்டு: கேட்பவர்கள் கருத்து வேறுபடுவது ஏன்?

கொள்ளேகால் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வரும் ஒரு பாட்டு உண்டு. கேட்டால் நெஞ்சு கனத்துப் போகும். கணவனின் சந்தேகத்துக்கு ஆளாகி, காட்டுக் குடிசையில் தனியே அடைபட்டுத் துடித்த சங்கம்மா என்ற பெண்ணின் கதை அது.

மலை மாதேஸ்வரர் காவியத்தில் இது ஒரு பகுதி. பகுதியைக் கன்னடத்தில் "சாலு" என்பார்கள். ஆகவே இதற்குச் "சங்கம்மா சாலு" என்று பெயர்.

இவ்வளவு துயரமான பாட்டு தேவைதானா என்று கேட்பவர்கள் உண்டு. துயரம்தான் அதன் உயிர் என்பவர்களும் உண்டு. புதிய மெட்டில் பாடலாம் என்பது ஒரு கட்சி. கூடவே கூடாது என்பது இன்னொரு கட்சி. 2020-ம் ஆண்டில் இந்தக் கருத்து வேற்றுமை கர்நாடகம் முழுவதும் பேசப்படும் சர்ச்சையாகவே வெடித்தது.

தமிழர்களுக்கும் உறவு

கொள்ளேகால் தமிழர்களுக்கு அந்நியமான ஊர் அல்ல. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி மாநிலங்கள் திருத்தி அமைக்கப்படும் வரை, இந்தத் தாலுகா சென்னை மாநிலத்தில், கோயமுத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-ல் சாமராஜநகர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதில் இணைந்தது.

பட்டு நெசவுக்குப் பேர்போன இந்த ஊரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் மாதேஸ்வரன் மலை இருக்கிறது. சிவராத்திரி, யுகாதி, தீபாவளி நாட்களில் அங்கே பெருங்கூட்டம் கூடும். சேலம், தருமபுரி, ஈரோடு பக்கத்திலிருந்து தமிழ் பக்தர்களும் திரளாக வருவார்கள். மேட்டூர் வழியாகப் பாலாற்றைத் தாண்டி மலையேறுவது அவர்கள் வழக்கம். சாமி ஒன்று, கும்பிடுகிறவர்களின் மொழி இரண்டு!

கதை என்ன?

காட்டில் தேன் எடுத்துப் பிழைக்கும் சோலிகர் குலத்தைச் சேர்ந்தவன் நீலேகவுடன். அவன் மனைவி சங்கம்மா. பிள்ளை இல்லாத குறை இருவருக்கும் உண்டு.

தேன் எடுக்கத் தொலைதூரம் போக வேண்டிய நாள் வருகிறது. "நான் இல்லாதபோது கற்போடு இருப்பேன் என்று கையடித்துச் சத்தியம் செய்" என்று கேட்கிறான் நீலேகவுடன். சங்கம்மா மறுத்துவிடுகிறாள். தவறு செய்யாதவள் எதற்காகச் சத்தியம் செய்ய வேண்டும் என்பது அவள் வழக்கு.

அவனுக்குச் சந்தேகம் முற்றுகிறது. அவளைக் கொடுமைப்படுத்தி, அவமானப்படுத்தி, குடிசைக்குள் அடைத்துவிட்டுப் போய்விடுகிறான்.

அப்போது மாதேஸ்வரர் பிச்சை கேட்கும் ஜங்கமராக வாசலில் வந்து நிற்கிறார். அவளைத் துன்பத்திலிருந்து விடுவித்துப் பிள்ளை வரமும் தருகிறார். திரும்பி வந்த கணவன் மறுபடியும் சந்தேகப்படுகிறான். கடும் சோதனைகளுக்கு அவளை ஆளாக்குகிறான். எல்லாவற்றையும் வென்று நிற்கிறாள் சங்கம்மா. அவள் பெற்ற காரய்யா, பில்லய்யா என்ற இரட்டைப் பிள்ளைகள் மாதேஸ்வரரின் அடியார்கள் ஆகிறார்கள்.

வெண்கலத் தாளமும் தம்பூரியும்

இந்தக் காவியத்தைப் பாடுகிறவர்களுக்குத் "தேவரகுட்டர்" என்று பெயர். வேண்டுதலின் பேரில் தீட்சை பெற்று, பிச்சை ஏற்றுப் பாடுவது இவர்கள் மரபு. இவர்கள் கையில் இருக்கும் வெண்கலத் தாளம் "கம்சாளே". இடக் கையில் கிண்ணம் போல ஒன்று, வலக் கையில் கயிற்றில் கட்டிய தட்டையான வட்டம் ஒன்று. இரண்டும் மோதும் ஓசையோடு தம்பூரியின் ஒற்றைச் சுருதி சேரும். மின்சாரக் கருவி எதுவும் கிடையாது.

விடிய விடியப் பாடுவார்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். வசனம் பாதி, பாட்டு பாதி.

வாய்வழியாகவே வாழ்ந்த இந்தக் காவியத்தை டாக்டர் பி. கே. ராஜசேகர் திரட்டி 1973-ல் நூலாக வெளியிட்டார். ஹெப்பணி மாதய்யா குழுவினர் பாடியதைக் கே. கேசவன் பிரசாத் தொகுத்தார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 2001-ல் சாகித்ய அகாதெமி வெளியிட்டது.

கேட்பவர்கள் சொல்வது

முதல் கட்சி பழைய பக்தர்களுடையது. இது வேடிக்கைக்குக் கேட்கும் பாட்டு அல்ல, வழிபாடு என்பது அவர்கள் கருத்து. சங்கம்மா படும் பாட்டைக் குறைத்துப் பாடினால், சாமி வந்து நிற்கும் நேரத்தின் அருமை தெரியாது என்பார்கள்.

இரண்டாவது கட்சிக்கு அந்த நீளமும் இருட்டும் பிடிப்பதில்லை. ஒரு பெண்ணை வதைப்பதை இத்தனை நேரம் பாட வேண்டுமா? கடைசியில் அவள்தானே சோதனைக்கு ஆளாகிறாள்? சந்தேகப்பட்டவனுக்கு என்ன சோதனை? இப்படி அவர்கள் கேட்கிறார்கள். தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல இது.

மூன்றாவது கட்சி இளைஞர்களுடையது. விடிய விடிய உட்கார இன்று யாருக்கு நேரம்? நல்ல இடத்தை எடுத்துப் புது இசையில் தந்தால், கேள்விப்படாதவர்களும் கேட்பார்களே என்பது அவர்கள் வாதம்.

ஒரே காட்சி, இரண்டு வரவேற்பு

இந்த வாதத்துக்குச் சாதகமாக ஒரு சான்று உண்டு. 1996-ல் டி. எஸ். நாகாபரணா இயக்கத்தில் சிவராஜ்குமார் நடித்து வெளிவந்த "ஜனுமத ஜோடி" படத்தில், ஜங்கமர் பிச்சைக்கு வரும் காட்சியின் பாட்டு இடம் பெற்றது. இசை வி. மனோகர். பாடியவர் எல். என். சாஸ்திரி. சினிமாவுக்குப் போய்விட்டதே என்று ஊர் கோபிக்கவில்லை. பட்டிதொட்டியெல்லாம் அது ஒலித்தது. சாஸ்திரிக்கு மாநில அரசின் சிறந்த பின்னணிப் பாடகர் விருதும் கிடைத்தது.

ஆனால் 2020 ஆகஸ்டில் நடந்தது வேறு. "ராப்" பாடகர் சந்தன் ஷெட்டி "கோலுமண்டே" என்ற பெயரில் அதே பாட்டைப் புது இசையிலும் படக் காட்சியிலும் வெளியிட்டார். சில நாட்களிலேயே ஏராளமானோர் பார்த்தார்கள். எதிர்ப்பும் அதே வேகத்தில் கிளம்பியது. சங்கம்மாவைக் கவர்ச்சியாகக் காட்டிவிட்டார்கள் என்று மாதேஸ்வரர் பக்தர்கள் கொதித்தார்கள். சந்தன் ஷெட்டி மன்னிப்புக் கேட்டார். பாட்டும் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். இரண்டுமே பாட்டின் ஒரு துண்டைத்தான் எடுத்தன. இரண்டிலும் புதிய கருவிகள் இருந்தன. ஒன்றை ஊர் ஏற்றது, மற்றதை ஏற்கவில்லை. ஆக, சண்டை மெட்டைப் பற்றியது அல்ல. சங்கம்மாவை எந்தக் கண்ணால் பார்ப்பது என்பதைப் பற்றியது!

காவியத்திலும் அவளுக்கு அவமானம் நேர்கிறது. ஆனால் அங்கே பாடகர் அவள் பக்கம் நின்று பாடுகிறார். கேட்பவரும் அவளோடு சேர்ந்து அழுகிறார். அந்த இடத்தைக் கைவிட்டு, நீலேகவுடன் பார்த்த பார்வையிலேயே அவளைப் பார்த்தால், தம்பூரி மட்டும் வைத்துப் பாடினாலும் அது வேறு பாட்டு ஆகிவிடும்.

நம் ஊரிலும் உண்டு

துயரப் பாட்டு தமிழர்களுக்குப் புதிது அல்ல. பசிக்கொடுமையில் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்த நல்லதங்காள் கதையை அறியாத கிராமம் உண்டா? கொங்கு நாட்டில் உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடும் அண்ணமார் சாமி கதையிலும் சாவு மேல் சாவு வருகிறது. பிரெண்டா பெக் என்ற ஆராய்ச்சியாளர் 1965-ல் அதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அழ வேண்டியதை ஊர் கூடி அழுது தீர்ப்பதற்கே இந்தப் பாட்டுகள் இருக்கின்றன.

சங்கம்மா பாட்டில் வெளியூர்ப் பிழைப்புக்காரர்களைத் தைக்கும் இடம் ஒன்று உண்டு. சம்பாதிக்க வெளியே கிளம்பும் ஆண் வாசலில் நின்று சத்தியம் கேட்கிறானே, அந்த இடம்தான்! ஆலை வேலைக்கும் ஆபீஸ் வேலைக்கும் மாநிலம் விட்டு வந்து, குடும்பத்தை ஊரில் விட்டிருப்பவர்கள் எத்தனை பேர்? இரவில் போன் எடுக்கச் சற்றுத் தாமதமானால், எங்கே போயிருந்தாய் என்று குரல் உயர்வது எத்தனை வீட்டில் நடக்கிறது?

நீலேகவுடன் தேன் எடுக்கப் போனதில் குற்றம் இல்லை. நம்பிக்கையை வீட்டில் வைக்காமல் போனதுதான் குற்றம். பாட்டின் இருட்டு முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது. அந்த இடத்தை நீக்கிவிட்டால் பாட்டு இனிமையாக இருக்கலாம். ஆனால் யாரையும் எதுவும் கேட்காது.

விசேஷ நாட்களில் மலைக்குப் போகிறவர்கள், கம்சாளே ஓசை கேட்டால் நின்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடாமல், சங்கம்மாவின் வாசலுக்கு ஜங்கமர் வரும் வரையாவது உட்காருங்கள். எந்தக் கட்சி சரி என்பதைப் பிறகு நீங்களே முடிவு செய்யலாம்.