சக்கரமும் ஓரக்கல்லும்



சக்கரத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால் செய்திகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் மிகச் சிறிய ஒன்றையே இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். மோட்டார் காரைச் சாலையோரத்தில் நிறுத்தும்போது, அதன் சக்கரம் நடைபாதையின் ஓரக்கல்லில் இடித்துக் கெடாமல் காப்பது எப்படி என்பதே அது. "இதற்கும் ஒரு பேச்சா?" என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். சிறு இடிப்பில் பெரும் அபாயம் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் பேச வேண்டியிருக்கிறது. உங்களிற் பலர் விரைவில் வண்டியோட்டக் கற்கப் போகிறவர்கள். ஏனையோரும் வண்டியில் அமர்ந்தோ நடைபாதையில் நடந்தோ செல்பவர்கள்தாம்.

எங்கள் சென்னிமலையைப் போன்ற கொங்கு நாட்டு ஊர்களின் பழைய தெருக்களில், முனை வீட்டுச் சுவரின் அடியில் ஒரு கருங்கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மாட்டுவண்டிக் காலத்தின் சின்னம். வண்டி முனை திரும்பும்போது சக்கரமும் அச்சும் உரசி மண்சுவர் பெயர்ந்துவிடாமல் காக்கவே அக்கல்லை நட்டார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தின் வலிமை அத்தகையது. நடுவே குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றைச் சூழ மரவட்டம், அதன்மேல் இரும்புப் பட்டை. பட்டையைத் தீயிலிட்டுப் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் மரத்தின்மேல் பொருத்தி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். குளிர்ந்த இரும்பு சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். அத்தகைய சக்கரம் கல்லில் மோதினால், பெரும்பாலும் கல்தான் தேயும்.

அன்று சுவரைச் சக்கரத்தினின்று காக்கக் கல் நட்டோம். இன்றோ சக்கரத்தைக் கல்லினின்று காக்க வழி தேடுகிறோம். இடையில் மாறியது எது? சக்கரத்துக்குள் காற்றுப் புகுந்ததுதான் மாற்றம்.

காற்றடைத்த டயருக்கு 1845-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் காப்புரிமை பெற்றார். உலகம் அதை மறந்துவிட்டது. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் படைத்தார். பின்னர் மிஷலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமைக்குப் பதிவு செய்த ரேடியல் டயரே இன்றைய கார்களில் ஓடுவது.

அதன் அமைப்பைச் சற்று நோக்குவோம். தரையைத் தொடும் பகுதி தடித்த ரப்பர். அதனடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் உள்ளன. ஆணியையும் சரளையையும் தாங்க அமைந்த பகுதி அது. பக்கச் சுவரோ அப்படியன்று. அது வளைந்து கொடுத்தால்தான் பயணம் மெத்தென்றிருக்கும். ஆகையால் அங்கே எஃகுப் பட்டை இல்லை. மெல்லிய ரப்பருக்குள் நூலிழைகள் மட்டுமே ஓடுகின்றன. நெசவூராகிய எங்கள் சென்னிமலையில் இதை விளக்குவது எளிது. பாவு நூல் அறுந்த இடத்தில் போர்வை எப்படி வலுவிழக்கிறதோ, அப்படியே இழை அறுந்த இடத்தில் டயரும் வலுவிழக்கிறது. போர்வையில் அறுந்த நூலை முடிந்துவிடலாம். டயரில் அது முடியாது.

டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 165/80 ஆர் 14 என்றிருந்தால், டயரின் அகலம் 165 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 80 பங்கு, அதாவது 132 மில்லிமீட்டர். ரிம்மின் விட்டம் 14 அங்குலம். 195/55 ஆர் 16 என்னும் டயருக்கு இதே கணக்கைப் போட்டால், பக்கச் சுவர் ஏறக்குறைய 107 மில்லிமீட்டர்தான். அழகுக்காகப் பெரிய ரிம்மும் மெல்லிய டயரும் பூட்டும்போது, ரிம்முக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள மெத்தை குறைகிறது. நடைபாதைகளுக்காக இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட நெறிமுறை, ஓரக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது என்றது. அந்த அளவுக்குக் கட்டிய கல்லுங்கூட டயரைக் கடந்து ரிம்மைத் தொடும் உயரமுள்ளது என்பதை நீங்களே ஒப்பிட்டுக் காணலாம்.

இடிப்பினால் நேரும் கேடு இருவகை. ரிம் உராய்ந்து கீறல் விழுவது ஒன்று. அது கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் அழகைத்தான் கெடுக்கும். டயரின் பக்கச் சுவர் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி, உள்ளிழைகள் அறுவது மற்றொன்று. அப்போது வெளியே ஒன்றும் தெரியாமலிருக்கலாம். சில நாட்களில் அவ்விடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளி ஒரு புடைப்பை உண்டாக்கும். எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தினர் சேலத்துக்குத் திருமணத்திற்குப் புறப்படுமுன், காற்றடிக்க வண்டியை நிறுத்தினார்கள். காற்றடித்த இளைஞர் குனிந்து பார்த்து, டயரின் உட்பக்கத்தில் எலுமிச்சம்பழம் போன்ற ஒரு புடைப்பைக் காட்டினார். டயரை மாற்றிக்கொண்டுதான் சென்றார்கள். கோடை வெயிலில், நெடுஞ்சாலை வேகத்தில், ஐந்து பேரைச் சுமந்து ஓடும்போது அப்புடைப்பு வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பக்கச் சுவரில் புடைப்போ வெட்டோ கண்டால் அந்த டயரை மாற்றிவிட வேண்டும். அதற்கு ஒட்டுப்போட்டு ஓட்டலாகாது.

இடிப்பு ஏன் நேர்கிறது? நம் நாட்டில் சாலையின் இடப்புறம் செல்கிறோம். ஓரக்கல்லும் இடப்புறமே இருக்கிறது. ஓட்டுபவரோ வலப்புறம் அமர்ந்திருக்கிறார். கல்லை நெருங்கும் சக்கரம் அவர் கண்ணுக்குப் படாத சக்கரம். மேலும், வண்டி திரும்பும்போது முன்சக்கரம் சென்ற தடத்தில் பின்சக்கரம் செல்வதில்லை. அது உட்புறமாக, சிறிய வட்டத்தில் செல்கிறது. முன்சக்கரம் கல்லைத் தப்பியதும் ஓட்டுபவர் நிம்மதி அடைகிறார். பின்சக்கரம் போய் இடிக்கிறது. மூன்றாவது காரணம் வேகம். இயங்கும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பௌதிகத்தில் படித்திருப்பீர்கள். மணிக்கு 5 கிலோமீட்டரில் இடிப்பதைவிட 10 கிலோமீட்டரில் இடித்தால் தாக்கும் ஆற்றல் இரு மடங்கன்று, நான்கு மடங்கு.

காரணம் தெரிந்தால் வழியும் தெரிந்துவிடும். நடந்து செல்லும் வேகத்துக்கு மேல் ஓரக்கல்லை அணுகாதீர்கள். இடப்பக்கக் கண்ணாடியைச் சற்றுக் கீழே சாய்த்து, பின்சக்கரமும் கல்லும் ஒருங்கே தெரியுமாறு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்டிகளுக்கு நடுவே நிறுத்த நேர்ந்தால், முகத்தை முதலில் நுழைக்காதீர்கள். முன்னுள்ள வண்டிக்கு இணையாக நின்று, பின்னோக்கி நுழைவதே நன்று. முகம் முதலில் நுழைந்தால் முன்சக்கரம் கல்லில் ஏறும். வால் தெருவில் நிற்கும். கல்லுக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். ஐயம் தோன்றினால் இறங்கிப் பாருங்கள், அதில் இழிவொன்றுமில்லை. டயரைக் கல்லோடு அழுத்தியபடி வண்டியை விட்டுச் செல்லாதீர்கள். மாதம் ஒருமுறையேனும், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைச் சோதியுங்கள். காற்றுக் குறைந்த டயரே கல்லில் எளிதாக நசுங்குகிறது. இடித்துவிட்டால், வெளிப்பக்கத்தோடு உட்பக்கத்தையும் பாருங்கள். அதன்பின் வண்டி ஒருபக்கமாக இழுத்தால் சக்கரங்களின் நேர்மையைச் சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நமக்கு ஓர் உள்ளூர்ப் பாடம் இருக்கிறது. எங்கள் ஊர்த் தைப்பூசத் தேரோட்டத்தில் வடம் பிடிப்போர் பலர். ஆயினும் தேரின் போக்கை நிர்ணயிப்பவர்கள் சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு நடக்கும் சிலரே. ஊரெல்லாம் தேரின் உச்சியை நோக்கும்போது, அவர்கள் கண் சக்கரத்தின் அடியை விட்டு அகல்வதில்லை. பெரிய பாரம் நகரும்போது எவரேனும் ஒருவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அவர்கள் நமக்குக் காட்டும் பாடம். வண்டியில் உடன் வந்தவர் இறங்கி நின்று வழி சொன்னால் போதும். பல நூறு ரூபாய் மிஞ்சும்.

இன்னுமொன்று. ஓரக்கல்லைப் பகையாக எண்ணிவிடாதீர்கள். மலைப்பாதை போன்ற சரிவுகளில் அதுவே நமக்கு முட்டுக்கட்டை. இறங்குமுகமாக நிறுத்தினால் முன்சக்கரங்களை இடப்புறம், கல்லை நோக்கித் திருப்பி வையுங்கள். ஏறுமுகமாக நிறுத்தினால், கல்லுள்ள இடத்தில் வலப்புறம் திருப்பி வையுங்கள். கை பிரேக் தளர்ந்து வண்டி உருண்டாலும், சக்கரம் கல்லில் சாய்ந்து நின்றுவிடும்.

அதற்கும் மேலாக, அந்தக் கல் நடப்பவரைக் காக்க வைத்தது. சென்னையில் பாண்டி பஜாரிலும், கோவையில் ஆர்.எஸ்.புரத்து டி.பி. சாலையிலும் அண்மை ஆண்டுகளில் அகன்ற நடைபாதைகள் அமைத்திருக்கிறார்கள். கோலூன்றி நடக்கும் முதியவருக்கும், கைக்குழந்தையோடு செல்லும் தாய்க்கும் அவை உரியவை. அவற்றின்மேல் காரை ஏற்றி நிறுத்துபவர் தம் டயரின் இழையை அறுத்துக்கொள்வதோடு, அவர்களைப் பேருந்துகள் ஓடும் தெருவில் இறக்கியும் விடுகிறார். பழங்காலத்துத் தெருமுனைக் கல் ஒரு வீட்டுச் சுவரைக் காத்தது. இன்றைய ஓரக்கல் மனிதரைக் காக்கிறது. அதற்கு ஒரு சாண் விலகி நிறுத்தப் பழகினால், சக்கரமும் பிழைக்கும், நடப்பவரும் பிழைப்பர்.