வண்டி சர்வீசுக்குப் போனது! பில் எவ்வளவு வந்தது?

கல்வராயன் மலையின் மேலே ஒரு வீடு. மரவள்ளியும் சாமையும் விளைகிற கொஞ்சம் நிலம். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள்.

அந்த வீட்டுக்கு எல்லாம் அந்த வண்டிதான்! ரேஷன் அரிசி வருவது அதில். பிள்ளை பள்ளிக்கூடம் போவது அதில். ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதும் அதில்தான்.

ஆனால் வண்டிக்கே காய்ச்சல் வந்தால்?

மலையை விட்டு இறங்க வேண்டும். கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். காலையில் கம்பெனி ஷோரூமில் வண்டியை விட்டால், சாயங்காலம் சாவி கைக்கு வரும். கூடவே பில்லும் வரும்! அன்றைய கூலியும் போயிற்று.

"ஆயில் மாற்றியதற்கா இவ்வளவு? இதை வீட்டிலேயே செய்ய முடியாதா?" என்று மனைவி கேட்பாள். நியாயமான கேள்வி.

இலவசம் எது?

புது வண்டியோடு "இலவச சர்வீஸ்" சீட்டுகள் தருகிறார்கள். அங்கே இலவசம் என்பது பெரும்பாலும் கூலி மட்டுமே. ஆயிலுக்குக் காசு உண்டு. பிளக் மாற்றினால் அதற்கும் காசு உண்டு. இது தெரியாமல் வெறும் கையோடு போய் நிற்பவர்கள் ஏராளம்.

ஆயில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அதில் அதிகபட்ச விலை அச்சடித்திருக்கும். பாக்கெட்டில் வரும் உதிரிப் பாகத்திலும் அப்படியே. ஷோரூமானாலும் சரி, கடைவீதியானாலும் சரி, அந்த விலைக்கு மேல் ஒரு காசு வாங்கக் கூடாது. அதனால் ஆயில் விலையில் பெரிய வித்தியாசம் வர வழியில்லை.

பிறகு பில் எப்படி வீங்குகிறது?

கூலியில் வீங்குகிறது. அந்தக் கூலியின் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வரி. தெருமுனைப் பட்டறைக்காரருக்கு ஆண்டு வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டாவிட்டால் இந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. அங்கே செலவு குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னும் ஓர் இடம் இருக்கிறது. பாலிஷ், துருப் பிடிக்காத பூச்சு, என்ஜினைக் கழுவும் மருந்து என்று சில வரிகள் பில்லில் முளைக்கும். அவற்றில் பல, வண்டி ஓடுவதற்கு அவசியமே இல்லாதவை. வண்டியை விடும்போதே, "கேட்காமல் எதையும் சேர்க்காதீர்கள்" என்று சொல்லி, வேலைச் சீட்டில் எழுதச் செய்ய வேண்டும். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்க வேண்டும். கேட்பதில் வெட்கம் என்ன?

ஷோரூமைக் குறை சொல்லியே பழகிவிட்டோம். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் புகைக் கட்டுப்பாட்டு விதி கடுமையாகிவிட்டது. அதன் பிறகு வந்த மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை அளந்து விடுவது மின்னணுக் கருவி. அதில் கோளாறு வந்தால் காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. கம்ப்யூட்டரோடு இணைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கருவிக்கும் பயிற்சிக்கும் செலவு உண்டு அல்லவா?

வாரண்டி பயம்

"வெளியே கை வைத்தால் வாரண்டி போய்விடும்!" இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து, செயினுக்கு எண்ணெய் விடக்கூட அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பயத்தைப் பற்றி ஒரு பெரிய வழக்கே நடந்தது. கார் கம்பெனிகள் உதிரிப் பாகங்களை வெளிச் சந்தையில் விடுவதில்லை, வெளிப் பட்டறைகளுக்கு ரிப்பேர் விவரங்களைத் தருவதில்லை என்று 2011-ல் ஒருவர் புகார் செய்தார். இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்தது. 2014 ஆகஸ்டு 25-ந் தேதி 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் விதித்தது. எவ்வளவு தெரியுமா? 2,544 கோடி ரூபாய்க்கு மேல்!

வெளியே ரிப்பேர் செய்த ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது என்றும் ஆணையம் கூறியது. வெளியில் செய்த தவறான வேலையால் கெட்டது எதுவோ, அதை மட்டும் கம்பெனி மறுக்கலாம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில், 3 கம்பெனிகளின் அபராதம் குறைக்கப்பட்டது. ஆனால் அவை செய்தது தவறு என்ற முடிவு மாறவில்லை.

அமெரிக்காவில் 1975-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. குறிப்பிட்ட கம்பெனியின் பாகத்தையோ சர்வீசையோ காசு கொடுத்து வாங்கினால்தான் வாரண்டி என்று அங்கே நிபந்தனை போட முடியாது.

மேலே சொன்ன வழக்கு கார்களைப் பற்றியது. மோட்டார் சைக்கிள் வாரண்டிப் புத்தகங்களில், குறித்த காலத்தில் கம்பெனி சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பொதுவாக இருக்கிறது. ஆகவே வாரண்டி தீரும்வரை அந்தச் சர்வீசுகளைத் தவறாமல் செய்து முத்திரை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். இடையில் செயினைத் துடைப்பதற்கும் காற்று அடிப்பதற்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. பில்லில் அநியாயம் நடந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். பில்லும் வேலைச் சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

மலை வேறு, சமவெளி வேறு

கம்பெனிப் புத்தகம், இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை சர்வீஸ் என்று கணக்குச் சொல்கிறது. அது சாதாரண சாலைக்கான கணக்கு. தூசியிலும் சேற்றிலும் ஓடும் வண்டியை அடிக்கடி கவனிக்க வேண்டும் என்று அதே புத்தகத்தில் எழுதியிருக்கும். அதை யார் படிக்கிறார்கள்!

வெள்ளிமலைக்கு ஏறும் வண்டி, கியரைக் குறைத்துத் திணறி ஏறுகிறது. பின்னால் மூட்டையும் இருக்கும். இறங்கும்போது பிரேக் சுடுகிறது. மழைக் காலத்தில் சேறு செயினை அரிக்கிறது. சர்வீஸ் தேதிவரை இதெல்லாம் காத்திருக்குமா?

இங்கேதான் சொந்தக் கை தேவைப்படுகிறது.

செயினை மண்ணெண்ணெயால் துடைத்து, செயினுக்கான எண்ணெய் விட வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். என்ஜினை ஓடவிட்டுத் துணியால் துடைக்கவே கூடாது. துணியோடு விரலும் உள்ளே போய்விடும்! செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஓர் அங்குலம் ஆட வேண்டும். சரியான அளவு புத்தகத்தில் இருக்கும்.

காற்றின் அளவு ஒருவர் போவதற்கு ஒன்று, இருவர் போவதற்கு ஒன்று. பின் டயருக்கு இரண்டிலும் வித்தியாசம் பெரிது. ஆயில் அளவை வாரம் ஒரு முறை குச்சியில் பார்க்கலாம். என்ஜின் காற்றை வடிகட்டும் பில்டர் விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். சில வண்டிகளில் அது எண்ணெய் தோய்த்த காகிதம். காற்று அடித்தால் கெட்டுப்போகும்.

டிரம் பிரேக்கில் ஒரு சின்ன அம்புக்குறி உண்டு. பிரேக்கை அழுத்தும்போது அந்த அம்பு, எல்லைக் குறியைத் தொட்டால், உள்ளே பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்று பொருள். பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் மாற்றுவதைப் பழகிய மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும். பிரேக் விஷயத்தில் சிக்கனம் பார்க்கிற இடம் கொண்டை ஊசி வளைவு அல்ல.

ஆயில் மாற்றுவதும் கஷ்டமான வேலை அல்ல. அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை வடித்து, புத்தகம் சொல்லும் ரகத்தை, சொல்லும் அளவுக்கு ஊற்றினால் போதும். ஆபத்து எங்கே என்றால், போல்ட்டை முறுக்குவதில்! என்ஜின் அலுமினியம். பலத்தைக் காட்டி முறுக்கினால் மரை அழிந்துவிடும். மிச்சம் பிடித்த கூலியைப் போல் பல மடங்கு அதற்குச் செலவாகும். முதல் முறை, தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

பெட்ரோலை மிச்சப்படுத்த, இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்கள் சிலர். இது விஷப் பரீட்சை. கியரில் இருந்தால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் முழுச் சுமையும் பிரேக்கின் தலையில் விழும். புது வண்டிகளில் இன்னொரு வேடிக்கை: கியரில் இறங்கும்போது, ஆக்சிலேட்டரை விட்டால் பெட்ரோல் அறவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும்!

மேகம் அருவி பார்க்க ஸ்கூட்டரில் ஏறி வருகிறவர்களுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. ஸ்கூட்டர் என்ஜின் அவ்வளவாகப் பிடித்து நிறுத்தாது. வழியில் நிறுத்தி நிறுத்தி, பிரேக்கை ஆறவிட்டு இறங்க வேண்டும்.

பழைய ஆயில் எங்கே?

வடித்த ஆயிலைச் செயினில் தடவுகிற பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதில் இருப்பது கரியும் உலோகத் தூளும். செயினைக் காப்பதற்குப் பதில் தேய்க்கும்.

வாய்க்காலில் ஊற்றுவது அதைவிடக் கேடு. ஒரு பங்கு பழைய ஆயில், 10 லட்சம் பங்கு தண்ணீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை கணக்குச் சொல்கிறது. மலையில் விழும் மழை ஓடைகளாக இறங்கி, அடிவாரத்தில் கோமுகி அணைக்கு வருகிறது. அந்தத் தண்ணீர்தான் கீழே வயலுக்குப் பாய்கிறது. பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, அடுத்த முறை கள்ளக்குறிச்சிக்கு இறங்கும்போது, பழைய ஆயில் வாங்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.