சுவருக்கு முன் செலவு

பண்டிகை நெருங்கும்போது வீட்டுக்கு வண்ணம் பூச எண்ணுகிறோம். பெயின்டின் விலையை மட்டும் கணக்கிடுகிறோம். பூச்சு நிலைப்பதோ சுவரைப் பக்குவப்படுத்துவதில் இருக்கிறது. நீர்க்கசிவு இருந்தால் முதலில் அதனை நிறுத்த வேண்டும். இல்லையேல் புதுப்பூச்சு உரிந்து, செலவிட்ட பணம் வீணாகும். உதிரும் பழைய பூச்சைச் சுரண்டி, விரிசல்களில் பட்டியிட்டு, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைக்க வேண்டும். பட்டியிட்ட இடத்தில் பிரைமர் பூசாவிடில் வண்ணம் திட்டுத்திட்டாகத் தெரியும். சன்னல் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பூச்சு முற்றிலும் காயுமுன் மெல்ல உரித்தெடுத்தால் விளிம்பு நேராக அமையும். டப்பாவுக்கு டப்பா நிறம் சற்று மாறக்கூடும். ஆகவே ஒரு சுவருக்கு வேண்டியதை ஒரே வாளியில் கலந்துகொள்வது நலம். உப்புத்தாளுக்கும் டேப்புக்கும் ஆகும் சிறுசெலவே பெயின்டுக்கு இட்ட பெருந்தொகையைக் காக்கிறது.