நெகட்டிவ் ஏன் ஆரஞ்சாக இருக்கிறது?

எறையூர் சர்க்கரை ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களில் 1980, 90-களில் கல்யாணம் நடந்த வீடுகளில் தேடினால், ஸ்டுடியோவில் கொடுத்த கலர் நெகட்டிவ் உறை பீரோவில் எங்காவது கிடக்கும். ஆல்பத்துப் படம் வெளிறிவிட்டதா? அந்த நெகட்டிவை டிஜிட்டல் கேமராவில் மறுபடி படமெடுத்து, கணினியில் நிறங்களைத் தலைகீழாக்கலாம். ஆனால் வருவது நீலம் பாய்ந்த படம். பிலிம் கெட்டுவிட்டது என்று பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். கெடவில்லை. அந்த நீலம், நெகட்டிவின் ஆரஞ்சு நிறத்தின் மறுபக்கம்.

பிலிமில் உருவம் தருபவை மஞ்சள், மெஜந்தா, சயான் என்ற மூன்று சாயங்கள். மெஜந்தா பச்சை ஒளியை மட்டும் தடுக்க வேண்டும். ஆனால் நீலத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடும். சயானிடமும் இப்படியொரு குறை உண்டு. 1940-களில் கோடாக் வேதியியலாளர் ஹான்சன் அருமையான வழி கண்டார். மெஜந்தாவாக மாறவிருக்கும் வேதிப்பொருளுக்கே முன்கூட்டி மஞ்சள் நிறம் கொடுத்தார். பிலிம் கழுவும்போது மெஜந்தா உண்டாகும் இடத்தில் அந்த மஞ்சள் அதற்கேற்ப அழியும். அதனால் நீல ஒளியின் இழப்பு பிலிம் முழுக்க ஒரே சீராகிறது. சயானுக்கும் இதே உத்தி. மிஞ்சும் நிறம்தான் ஆரஞ்சு.

கேமராவுக்கு இது சிக்கல். சிவப்பு வெள்ளமாக வரும்போது நீலம் சொட்டுச்சொட்டாகவே வருகிறது. பிறகு கணினியில் நீலத்தைப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். நெகட்டிவில் அடர்ந்திருக்கும் பகுதிதான் படத்தில் வெளிச்சமான பகுதி என்பதால், மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில்தான் நிறப்புள்ளிகள் முளைக்கும்.

ஆகவே படமெடுக்கும் முன்பே ஒளியைச் சரிசெய்வதே மேல். விளக்குக்கும் பிலிமுக்கும் நடுவே நீலமும் சயானும் கலந்த ஃபில்டரை வையுங்கள். லென்ஸுக்கு முன்னால் வைத்தால் அதன் கீறலும் தூசியும் படத்தின் கூர்மையைக் கெடுக்கலாம். 0.30 அடர்த்தியுள்ள சயான் ஃபில்டர் சிவப்பைப் பாதியாக்கும். படமில்லாத வெற்றுப் பிலிம் ஓரத்தை 'ரா' கோப்பாக எடுத்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வரும்வரை ஃபில்டரைக் கூட்டிக் குறையுங்கள். வெளிச்சம் குறைவதால் ஷட்டர் நேரத்தைக் கூட்ட வேண்டும்; ஸ்டாண்ட் இல்லாமல் முடியாது.

சாயமே மங்கியிருந்தால் ஃபில்டர் மட்டும் போதாது. பழைய ஈஸ்ட்மென்கலர் சினிமா பிரிண்டுகள் சிவந்துபோனது, சயான் மற்ற சாயங்களை முந்தி மங்கியதால். ஃபில்டர் படம் முழுவதையும் ஒரே அளவுதான் நகர்த்தும். ஒரு சாயம் இழந்த அழுத்தத்தைத் திருப்பித் தராது. அதைக் கணினியில் ஒவ்வொரு நிறமாகத்தான் மீட்க வேண்டும்.