பெண்டுலக் கடிகாரம் ஏன் பிந்துகிறது?

தாத்தா காலத்துச் சுவர்க் கடிகாரம் நாளுக்கு மூன்று நிமிடம் பிந்துகிறதா? 'வயதாகிவிட்டது' என்று பரணில் ஏற்றிவிட வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசமே அதற்குப் போதும்.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். சாவி கொடுக்கும்போது எஃகு ஸ்பிரிங் இறுகச் சுருள்கிறது. அது விரியும் விசை பித்தளைப் பல்சக்கரங்கள் வழியே முட்களுக்குப் போகிறது. தடுக்க ஆளில்லாவிட்டால் ஒரு வாரத்துக்கான விசையும் கடகடவென்று ஓடித் தீர்ந்துவிடும். தடுப்பது, கடைசிச் சக்கரத்தின் மேல் அமர்ந்திருக்கும் நங்கூர வடிவக் கொக்கி. பெண்டுலம் ஒருபுறம் போகும்போது கொக்கி ஒரு பல்லை விடுகிறது. மறுபுறம் ஒரு பல்லைப் பிடிக்கிறது. பல் வந்து மோதும் ஓசைதான் நம் காதில் விழும் 'டிக் டக்'. விடுபடும் பல்லும் சும்மா போவதில்லை. ஊஞ்சலை விரலால் உந்துவதுபோல பெண்டுலத்தை லேசாகத் தள்ளிவிட்டுப் போகிறது. அதனால்தான் ஆட்டம் ஓய்வதில்லை.

ஆக, நேரத்தை அளப்பது பெண்டுலம். 1656இல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் அதைக் கடிகாரத்தில் பொருத்தினார். அதுவரை நாளுக்குக் கால்மணி நேரம் தவறிக்கொண்டிருந்த கடிகாரங்களின் பிழை, சுமார் 15 வினாடியாகக் குறைந்தது.

பெண்டுலத்தின் வேகம் அதன் நீளத்தைப் பொறுத்தது. ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போக ஒரு வினாடி ஆக வேண்டுமானால், நீளம் ஏறக்குறைய 99.4 செ.மீ. இருக்க வேண்டும். அரை வினாடிக்கு அதில் கால்பங்கு, அதாவது சுமார் 25 செ.மீ. போதும். இந்த 25 செ.மீ. பெண்டுலம் ஒரே ஒரு மில்லிமீட்டர் நீண்டால், கடிகாரம் நாளுக்குக் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் பிந்தும். பெண்டுலத்தின் நுனியில் உள்ள குண்டின் அடியில் இருக்கும் சிறிய நட்டைத் திருகிக் குண்டை மேலே ஏற்றினால் வேகம் கூடும். கீழே இறக்கினால் குறையும். வெயிலுக்கும் இதில் பங்குண்டு. எஃகுத் தண்டு சூட்டில் நீளும். 10 டிகிரி கூடினால் நாளுக்கு ஐந்து வினாடி பிந்தும்.

பிந்தாமல் அடிக்கடி நின்றே போகிறதென்றால் காதைத் தீட்டிக் கேளுங்கள். 'டிக்'குக்கும் 'டக்'குக்கும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். நொண்டியடித்தால் கடிகாரம் சாய்ந்து தொங்குகிறது என்று பொருள். பெட்டியின் அடிப்பகுதியை இடமோ வலமோ மெல்ல நகர்த்தி, ஓசை சீரானதும் நிறுத்துங்கள். கைதேர்ந்த ரிப்பேர்காரரும் பெட்டியைத் திறக்கும் முன் இதைத்தான் கேட்பார்.

அதற்கும் சரியாகாவிட்டால் கோளாறு பெரும்பாலும் எண்ணெயில் இருக்கும். பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்து அரைக்கும் பசையாகி, அச்சு சுழலும் துளையை முட்டை வடிவமாகத் தேய்த்துவிடும். அச்சு சாய, பற்கள் சரியாகப் பொருந்தாமல் விசை வீணாகும். ரிப்பேர்காரர் எல்லாவற்றையும் பிரித்துக் கழுவி, தேய்ந்த துளையை அகலப்படுத்தி, புதிய பித்தளை வளையம் (புஷ்) அடிப்பார். பிறகு அச்சு முனைகளில் கடிகார எண்ணெய் ஒரு பொட்டு வைப்பார். பல்சக்கரத்தின் பற்களில் எண்ணெய் படக் கூடாது. தேங்காய் எண்ணெய் விடுவது இன்னும் மோசம். குளிரில் உறையும், நாளாக ஆகப் பிசுபிசுக்கும்.

நீங்களே பிரிக்க முயல வேண்டாம். முறுக்கிய ஸ்பிரிங் திடீரென்று விடுபட்டால் பற்கள் தெறிக்கும், விரலும் கிழியும். முறுக்கைத் தளர்த்திய பிறகே திருகாணியில் கை வைக்க வேண்டும்.

வேலை முடிந்த பிறகும் 'ஒரு வாரம் கழித்து வாங்க' என்று அவர் சொன்னால் இழுத்தடிக்கிறார் என்று எண்ணாதீர்கள். சாவி கொடுத்த அன்று ஸ்பிரிங்குக்கு இருக்கும் பலம் ஏழாம் நாள் இருக்காது. அந்த ஏழாம் நாளும் கடிகாரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, ஒரு வாரம்தான் ஆகும்.