வென்ற பிறகு என்ன?

அமெரிக்க நாட்டில் ஒரு வழக்கு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. நீதிமன்றத்தில் அல்ல, கல்லூரி விடுதிகளிலும், கொட்டகை வாசல்களிலும், ரசிகர் மாநாடுகளிலும்! “ஸ்டார் வார்ஸ்” என்ற படவரிசையில் முன்கதைப் படங்கள் மட்டமா, பின்கதைப் படங்கள் மட்டமா என்பதே வழக்கு. நண்பர்கள் முகம் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு வாதம் முற்றுகிறது.

“படத்துக்காகச் சண்டையா? உழைத்துப் பிழைக்கும் நமக்கு இதில் என்ன வேலை?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. வேலை இருக்கிறது. அவர்கள் சண்டையிடுவது படத்தைப் பற்றித்தான். ஆனால் அந்தச் சண்டைக்குள் ஒவ்வோர் இயக்கத் தோழனும் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது.

கதையை முதலில் சொல்லிவிடுவோம். 1977-ல் ஜார்ஜ் லூகாஸ் என்பவர் முதற்படத்தை எடுத்தார். கொடுங்கோல் பேரரசு ஒன்று. அதை எதிர்த்து ஒரு பண்ணைவீட்டு இளைஞன், ஒரு இளவரசி, ஒரு கடத்தல்காரன். ஆயுதபலம் மிக்க வல்லரசைச் சிறு படை எதிர்த்து நிற்கும் இந்தக் கதையை அமைத்தபோது வியட்நாம் போர் தம் மனத்தில் இருந்தது என்று லூகாஸே பின்னாளில் கூறியிருக்கிறார். 1980-ல் இரண்டாம் படம், 1983-ல் மூன்றாம் படம். பேரரசன் வீழ்ந்தான், மக்கள் ஆடிப் பாடினர், திரை விழுந்தது.

பதினாறு ஆண்டு கழித்து முன்கதை வந்தது. 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்கள். ரசிகர்கள் கொதித்தனர். பேச்சு மரக்கட்டை என்றனர். காதல் காட்சியில் உயிரில்லை என்றனர். எங்கு பார்த்தாலும் கணினி வரைந்த காட்சி என்றனர். இவற்றில் எதையும் நாம் மறுக்கவில்லை. குற்றங்கள் உள்ளவைதாம்.

ஆனால், அந்த மூன்று படங்களும் கேட்ட கேள்வி என்ன? “குடியரசு எப்படிக் கொடுங்கோல் ஆயிற்று?” என்பதல்லவா!

வணிகவழிகளின் மீது போட்ட வரியில் தகராறு தொடங்குகிறது. வணிகக் கூட்டமைப்பு ஒரு சிறு நாட்டை முற்றுகையிடுகிறது. அந்த நெருக்கடியைக் காட்டியே ஒருவன் தலைமைப் பதவிக்கு ஏறுகிறான். பின்னர் பிரிவினைப் பூசல், போர் மேகம். அவசரகால அதிகாரம் தேவை என்கிறார்கள், அவை வழங்குகிறது. அந்தத் தீர்மானத்தை முன்மொழிபவன் கெட்டவனா? இல்லை, சூழ்ச்சி அறியாத ஓர் அப்பாவி! கடைசியில் அதே தலைவன் தன்னைப் பேரரசன் என்று அறிவிக்கிறான், அவையோர் கைதட்டுகின்றனர். குடியரசைப் பீரங்கி வைத்துப் பறிக்கவில்லை. தீர்மானம் போட்டுக் கொடுத்தார்கள்!

முடிவு தெரிந்த கதை சுவைக்குமா என்பார் உண்டு. சூதில் தருமன் தோற்பான் என்று தெரியாமலா விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம்? என்ன நடந்தது என்பது தெரியும். எப்படி நடந்தது என்பதைக் காணவே உட்காருகிறோம். 1999-ல் சிறுவராக அமர்ந்து பார்த்தவர்கள் வளர்ந்து ஆளானதும் இந்தப் படங்களுக்காக வழக்காட வந்துவிட்டனர். இருபத்தைந்தாம் ஆண்டை ஒட்டி 2024-ல் முதல் முன்கதைப் படம் மறுபடியும் கொட்டகைக்கு வந்தது. அன்றைய ஏளனம் இறுதித் தீர்ப்பாக நிலைக்கவில்லை.

இனிப் பின்கதைக்கு வருவோம். 2012-ல் டிஸ்னி நிறுவனம் லூகாஸின் கம்பெனியைச் சுமார் 405 கோடி டாலருக்கு வாங்கியது. லூகாஸ் தம் படங்களை மூன்றாண்டுக்கு ஒன்றாக எடுத்தவர். புதிய முதலாளியோ 2015 முதல் 2019 வரை ஐந்தாண்டில் ஐந்து படங்களை வெளியிட்டார். வேகம் அதிகமாகிவிட்டது என்று அந்நிறுவனத்தின் அப்போதைய தலைவரே 2018-ல் ஒப்புக்கொண்டார்.

இந்த ஐந்தில் மூன்று பின்கதைப் படங்கள். முதலாவதை ஒருவர் எடுத்தார், இரண்டாவதை மற்றொருவர், மூன்றாவதற்கு அமர்த்தப்பட்டவர் 2017-ல் விலக, முதலாமவரே திரும்பி வந்தார். ஒருவர் போட்ட முடிச்சை மற்றவர் அவிழ்த்தார். அவர் விதைத்ததை அடுத்தவர் பிடுங்கினார். ஆயினும் வசூலுக்குக் குறைவில்லை. 2015 படம் உலகெங்கும் 200 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. கல்லாப்பெட்டி நிறைந்தது, கதைப்பெட்டி காலியாயிற்று!

ஏன் காலியாயிற்று? பின்கதை கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. பேரரசு வீழ்ந்ததே, வென்றவர்கள் என்ன செய்தார்கள்? புதிய குடியரசில் உழைப்பவனுக்கு என்ன கிடைத்தது? பழைய கொடுங்கோலரின் ஆட்கள் எங்கே பதுங்கினர்? அவர்களுக்குப் பணம் தந்தவர் யார்? விழிப்பாக இருந்திருக்க வேண்டியவர் எப்போது உறங்கினர்?

2015 படம் இவற்றில் எதற்கும் நின்று விடை சொல்லவில்லை. திரை விலகும்போதே பழைய கொடுங்கோல் புதுப்பெயரில் படையோடு நிற்கிறது. ஒரே அடியில் குடியரசின் தலைநகரை அழிக்கிறது. அந்தக் குடியரசு வாழ்ந்ததையும் நாம் பார்க்கவில்லை. அது சீரழிந்ததையும் பார்க்கவில்லை. 2017 படம் கேள்வியின் ஓரத்தைத் தொட்டது. சூதாட்ட மாளிகையில் கூத்தடிக்கும் செல்வர்களைக் காட்டியது. அவர்கள் ஆயுதம் விற்றுக் கொழுத்தவர்கள் என்றது. இரு தரப்புக்கும் விற்றவர்கள் என்றும் சொன்னது. தொட்டது, நகர்ந்துவிட்டது. 2019 படமோ 1983-ல் மாண்ட பேரரசனையே மறுபடி எழுப்பியது. எப்படி வந்தான்? எப்படியோ வந்துவிட்டான் என்பதற்கு மேல் தெளிவான விளக்கம் இல்லை!

“எப்படியோ” என்ற சொல்தான் கதைக்கும் பகை, இயக்கத்துக்கும் பகை. கொடுமை எப்படியோ திரும்பி வருவதில்லை. எவரோ கதவு திறக்கிறார். எவரோ வழிச்செலவு தருகிறார். எவரோ கண்டும் காணாமல் இருக்கிறார்.

முதலாளி பணம் போட்டால் நல்ல கதையே வராது என்று நாம் சொல்ல வரவில்லை. அதே நிறுவனத்தின் காசில் 2016-ல் “ரோக் ஒன்” என்ற முன்கதைப் படம் வந்தது. உலகங்களையே அழிக்கும் ஆயுதத்தின் வரைபடத்தைக் கைப்பற்றி, ஒருவர்கூட மிஞ்சாமல் மாண்டவர்களின் கதை அது. அதற்கும் முன்கதையாக 2022-லும் 2025-லும் “ஆண்டோர்” என்ற தொடர் வந்தது. அதில் ஒரு சிறைச்சாலை. கைதிகள் பன்னிரண்டு மணிநேரம் இயந்திரப் பாகங்களைப் பூட்டுகிறார்கள். ஒரு மேசையோடு மற்றொரு மேசை போட்டியிட வைக்கப்படுகிறது. எதைச் செய்கிறோம் என்று செய்பவனுக்குத் தெரியாது. அது அந்தப் பேரழிவு ஆயுதத்தின் உறுப்பு! தண்டனைக்காலம் முடிந்தாலும் விடுதலை இல்லை என்று தெரிந்த நாளில் அவர்கள் சேர்ந்து எழுகிறார்கள். தொழிற்கூடத்தில் நின்றவன் எவனுக்கு இது விளங்காது? முன்கதையா பின்கதையா என்பதல்ல அளவுகோல். கேள்வி இருக்கிறதா என்பதே அளவுகோல்.

ரசிகர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1999 படத்தின் கோமாளிப் பாத்திரத்தில் நடித்த அகமது பெஸ்ட், வசவு தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ளும் எல்லைவரை சென்றதை 2018-ல் வெளியிட்டார். 2017 படத்தில் நடித்த கெல்லி மேரி டிரான், வியட்நாம் அகதிகளின் மகள். இனத்தையும் பெண்மையையும் இழித்த ஏச்சுகளால் சமூக ஊடகத்தை விட்டே விலகினார். அடுத்த படத்தில் அவர் தோன்றும் நேரமும் வெகுவாகக் குறைந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவதா? எழுதியவர் வேறு, எடுத்தவர் வேறு, இலாபம் கண்டவர் வேறு. அடி வாங்கியவர் கூலிக்கு நடித்தவர். தரத்தைப் பேசுங்கள், தாராளமாகப் பேசுங்கள். உழைத்தவரை ஒழிப்பது விமரிசனம் ஆகாது.

தோழர்களே! விடுதலை பறிபோன கதையைச் சொல்ல ஆள் கிடைத்தார்கள். போராடி வென்ற கதையைச் சொல்லவும் ஆள் கிடைத்தார்கள். வென்றதைக் காத்த கதை மட்டும் இன்னும் திரைக்கு வரவில்லை. அது கடினமான கதை. அதில் வெடி இல்லை, வாள் இல்லை. கணக்குப் பார்ப்பதும், கேள்வி கேட்பதும், கூட்டத்துக்குத் தவறாமல் வருவதும்தான் உண்டு.

வேலைநிறுத்தத்தின் கடைசி நாளில் ஆலை வாசலில் நிற்க இடமிருக்காது. ஒப்பந்தம் கையெழுத்தான அடுத்த மாதம், அது நிறைவேறுகிறதா என்று பார்க்கக் கூடும் சங்கக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறோம்? அடுத்த கூட்டத்தில் தலைகளை எண்ணிப் பாருங்கள்.