மூலமும் உரையும் ஒரே திரையில்

நுழையும்முன்
நூற்பா சுருங்கச் சொல்லும். உரை அதனை விரித்து விளக்கும். தொல்காப்பியத்தை இளம்பூரணர் துணைகொண்டும் நன்னூலை மயிலைநாதர் துணைகொண்டும் கற்றது தமிழ் மரபு. கணினி நிரலுக்கும் மூலமும் உரையும் உண்டு. அவ்விரண்டையும் ஒருசேரக் காட்டும் கருவியை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

லிஸ்ப்பும் ஈமேக்சும்
1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் என்னும் நிரல்மொழியை உருவாக்கத் தொடங்கினார். 1985ஆம் ஆண்டு ரிச்சர்டு ஸ்டால்மன் குனு ஈமேக்ஸ் என்னும் உரைத்திருத்தியை வெளியிட்டார். அதன் பெரும்பகுதி லிஸ்ப் மொழியிலேயே எழுதப்பட்டுள்ளது. எனவே, ஈமேக்சின் நிரலை ஈமேக்சுக்குள் இருந்தே படிக்கலாம்.

நிரலுக்குள் உரை
லிஸ்ப்பில் செயற்கூறு ஒன்றை வரையறுப்போர், அதன் பெயரையும் உள்ளீடுகளையும் எழுதியபின், மேற்கோள் குறிகளுக்குள் ஒரு விளக்கத்தையும் எழுதுவர். சாதாரணக் குறிப்புரைகளைக் கணினி கண்டுகொள்ளாது. இவ்விளக்கத்தையோ செயற்கூற்றுடன் இணைத்துக் காத்து வைக்கும், கேட்டபோது எடுத்துக்காட்டும்.

கீழ்பென்னாத்தூரில் பயிலும் மாணவி ஒருத்தி, நிரலொன்றைப் படிக்கையில் 'மேப்கார்' என்னும் பெயரைக் காண்பதாகக் கொள்வோம். கண்ட்ரோல் விசையுடன் எச் விசையை அழுத்தி, பின்னர் எஃப் விசையை அழுத்தி, கேட்கப்படும் பெயரை உறுதிசெய்தால் அதன் விளக்கம் திரையில் தோன்றும். பட்டியலின் ஒவ்வோர் உறுப்பின்மீதும் ஒரு செயற்கூற்றைச் செலுத்தி, விளைவுகளை மற்றொரு பட்டியலாகத் தருவது அது என அவள் அறிவாள். இதற்கு இணைய இணைப்பு தேவையில்லை. விளக்கம் ஈமேக்சுடனேயே வருகிறது.

மூலத்தை நாடல்
உரை மட்டும் போதாத இடங்களும் உண்டு. செயற்கூற்றை மாற்றியவர் விளக்கத்தை மாற்ற மறந்திருக்கலாம். அப்போது மூலமே சான்று. பெயரின்மீது இடஞ்சுட்டியை வைத்து ஆல்ட் விசையுடன் முற்றுப்புள்ளியை அழுத்தினால், அது வரையறுக்கப்பட்ட கோப்பு திறக்கும். அவ்வரையறையில் வேறொரு புதிய பெயர் இருப்பின் அதனையும் அவ்வாறே தொடரலாம். ஆல்ட் விசையுடன் காற்புள்ளியை அழுத்தினால், வந்த வழியே படிப்படியாகத் திரும்பலாம். எத்தனை தொலைவு சென்றாலும் தொடங்கிய இடம் தவறுவதில்லை. காமன் லிஸ்ப் மொழியில் நிரல் எழுதுவோர்க்கு ஸ்லைம் என்னும் துணைக்கருவி இவ்வசதிகளை ஈமேக்சில் வழங்குகிறது.

தெரிந்து தெளிவோம்
பல மொழிகளின் வாழ்த்துச் சொற்களைக் காட்டும் கோப்பொன்று ஈமேக்சில் உண்டு. அதில் தமிழின் 'வணக்கம்' இடம்பெற்றுள்ளது. தமிழ்99 விசைப்பலகை முறையிலும் ஈமேக்சில் தட்டச்சு செய்யலாம்.

தமிழில் உரை
ஈமேக்சின் விளக்கங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ஆங்கிலம் தடையாகும்போது, அருகிலிருக்கும் உரையும் மாணவர்க்கு எட்டாததாகிவிடும். ஆயினும் மேற்கோள் குறிகளுக்குள் எழுதப்படும் விளக்கம் தமிழிலும் அமையலாம். ஈமேக்ஸ் அதனை அவ்வாறே காட்டும். மாணவர் தாம் எழுதும் ஒவ்வொரு செயற்கூற்றுக்கும், அது எதனைப் பெற்று எதனைத் தருகிறது எனத் தமிழில் ஒரு வரி எழுதப் பழகுதல் வேண்டும். அந்த ஒரு வரி, பின்னர் அந்நிரலைப் படிக்க வருவோர்க்கு ஆசிரியராய் நின்று வழிகாட்டும்.